கூண்டும் பின் இருக்கையும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள்தானே. மாமாவைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன், படித்துக்கொண்டே வா. குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தை அப்பா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார், தபால்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, படி ஏறும்போது வலிக்கிறதாம், நான் ஏதாவது வேலை சொன்னாலும் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. என் வெல்டிங் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, போன மாதம் பேக்கரிக்காரருக்கு மூன்று அலமாரி செய்து கொடுத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தடத்தில் ஓட்ட உன் காருக்குள்ளே, கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் தாங்குகிற இரும்புக் குழாய்க் கூண்டு போடப் போகிறாய், வார நாளில் அதே காரில் வேலைக்குப் போவாய், பின் இருக்கையை எடுக்காமல் குட்டியைப் பள்ளியில் விடுவாய், அதற்கு மாமா காருக்கு நான் போட்ட கூண்டின் வரைபடம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். மறுநாளே வரைந்து உறையில் போட்டுவிட்டேன். ஆனால் உறையை ஒட்டக் கை வரவில்லை, ஐந்து நாளாக மேஜை மேல் கிடந்தது. உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன், அதுதான் காரணம்.

மாமா கார் ஈரத் தடத்தில் வழுக்கி இரண்டு முறை உருண்டு தலைகீழாக நின்றது உனக்குத் தெரியும். அவன் தானே இருக்கை வாரைக் கழற்றிக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் அல்லவா, வந்தவுடன் தன் கண்ணாடியைத்தான் தேடினான். கூண்டு தாங்கியது குழாயின் பலத்தால் மட்டுமில்லை, அது கால் ஊன்றிய விதத்தால். காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதன்மேல் குழாயை அப்படியே நிறுத்தி வெல்டு வைத்தால் கார் கவிழும்போது சேற்றில் குதிகால் இறங்குவதுபோல் குழாய் தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும், கூரை தலைமேல் வந்து உட்காரும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் உள்ளங்கையைவிடப் பெரிய தடித்த தகடு வெட்டி, தரையையும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மடித்து, பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டு வைத்திருந்தேன். தடத்துப் பரிசோதகர் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை நான் மத்தவங்களுக்குக் காட்டப் போறேன், கூண்டுக்குக் கால் இப்படித்தான் நிக்கணும்" என்று படம் எடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அனுப்பவில்லை. நசுங்கிய கூரையை மாற்றிய இடத்திலிருந்து மாமா காரை வீட்டுக்கு ஓட்டி வந்தான், நாலு தெரு தூரம், பட்டப்பகல். நாலு தெருவுக்கு எதற்கு என்று ஹெல்மெட்டைப் பின்னால் போட்டுவிட்டான், வாரை இறுக்கினால் சந்து முனையில் எட்டிப் பார்க்க முடியவில்லை என்று அதையும் தளர்த்தியிருந்தான். சிக்னல் பக்கத்தில் ஒரு சலவைக் கடை வேன் பக்கவாட்டில் வந்து முட்டியது, ஆள் நடக்கிற வேகம்தான் இருக்கும், கதவில் ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம். கூண்டு இல்லாத காராக இருந்திருந்தால் மண்டையில் ஒரு புடைப்போடு இறங்கி அந்த வேன்காரரை நாலு திட்டு திட்டிவிட்டு வந்திருப்பான். அவன் தலைக்குப் பக்கத்தில் நான் வைத்த இரும்புக் குழாய் இருந்தது, தலை அதில் போய் மோதியது. அதன்மேல் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மெத்து நுரையைச் சுற்றியிருந்தேன், பார்வைக்குத்தான் அது, அடியைத் தாங்காது. தெரிந்தேதான் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். மூன்றாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்து "சாவி" என்றான். தண்ணீர் கேட்கிறான் என்று புரிய எனக்கு அரை நாள் ஆனது. இப்போது எவ்வளவோ பரவாயில்லை, காலையில் கடை திறக்கிறான், சீட்டாட்டத்தில் அப்பாவை ஏமாற்றுகிறான், புத்தியில் குறை எதுவும் இல்லை. சொல்தான் சமயத்துக்கு வர மாட்டேன் என்கிறது. நீ மூன்று தடவை போன் செய்து கேட்டபோது மாமா வெளியூர் என்றேன், தூங்குகிறான் என்றேன், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். மூன்றும் பொய். சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னான் என்பது பாதிதான். என் கைவேலை தம்பியைக் காப்பாற்றியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான், அதே கைவேலை அவன் மண்டையை உடைத்தது என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்.

நேற்று மதியம் மாமா வந்தான், மேஜை மேல் இருந்த உன் கடிதத்தை எடுத்து மெதுவாகப் படித்தான். "அவன் பெரியவன், பாத்துப்பான், அனுப்பி விடு" என்று அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா கடிதத்தை வைத்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதுக்கா. ஒண்ணு விடாம எழுது. அப்புறம் அந்த... அந்த..." என்று நின்றுவிட்டான். அப்பா சொல்லை எடுத்துக் கொடுக்கப் போனார், கையைக் காட்டி நிறுத்திவிட்டான். "பந்தல்" என்றான், இல்லை என்று தானே தலையாட்டினான். கடைசியில், "கூண்டு. குட்டி தலை அதுல எங்க வருதுன்னு அளந்து பாரு" என்றான். வரைபடத்தில் அளந்து பார்த்தேனடா. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பெரிய வளைவிலிருந்து பின்பக்கம் சரிந்து இறங்கும் இரண்டு குழாயும் பின் இருக்கைக்கு மேலாகத்தான் போகின்றன. ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்தால் தலைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வரைந்தபோது எனக்கு அது கண்ணில் படவில்லை, கால் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம். குட்டி ஏறுகிற கார் என்றால் அதற்குக் கூண்டு வேண்டாம், கம்பெனி கொடுத்த பெல்ட்டும் காற்றுப் பையும் போதும், தடத்துக்குப் போகிற ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடு. இல்லை தடம்தான் வேண்டும் என்றால் ஒரு பழைய காரை அதற்கென்றே வாங்கு, பின் இருக்கையைக் கழற்று, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போ, ஹெல்மெட் போடாமல் வாசல் தாண்டி நகர்த்தக்கூட அதில் உட்காராதே. அங்குள்ள பட்டறைக்காரர் வெல்டு வைக்காமல் போல்ட்டில் மாட்டித் தருகிறேன் என்றால் தப்பில்லை, ஆனால் மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் தரை என்று இறுக்க வேண்டும், கீழே வெறும் வாஷரைப் போட்டு முடுக்கினால் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்து. தலை படுகிற இடமெல்லாம் அழுத்தினால் லேசில் அமுங்காத கெட்டி நுரை. மாமா காருக்கு இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன், நம்பர் பலகையையும் கழற்றி வைத்துவிட்டோம், இனி அது தெருவில் ஓடாது. டாக்டர் அவனுக்கு இன்னும் ஸ்டியரிங்கைத் தொட அனுமதி தரவில்லை, ஞாயிறானால் தடத்துக்குப் போய்க் கொடி காட்டுகிறவர்களோடு நின்றுவிட்டு வருகிறான். வரைபடத்தையும் இதோடு அனுப்புகிறேன், அனுப்பாவிட்டால் நீ வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வாய், அந்தக் கால்கள் எப்படி நிற்குமோ.

மருமகளிடமும் இதைப் படிக்கக் கொடு, ஒளிக்காதே, ஒளித்து நான் பட்டது போதும். குட்டிக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு போன் செய்யாதே, மாமாவுக்குச் செய். பேச்சு நடுவில் நின்றுபோனால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, சொல்லைத் தேடிக்கொண்டிருப்பான். நீ எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா