பதினாலு புள்ளி

3.8.63, சனி
எழுத்துத் துண்டுகள் போட்ட தகரப் பேணிக்குள் கைவிட்டேன், 'ஐ' எழுத்து வந்தது. உலை கொதிக்குமுன் இவரும் கனகலிங்கமும் அந்த எழுத்தில் தொடங்கும் மிக நீளமான இங்கிலிஷ் சொல்லை எழுத வேண்டும். எழுத்துக்கு ஒரு புள்ளி. பிறகு எனக்குத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்; எனக்கு விளங்காவிட்டால் புள்ளி கிடையாது. இவருடைய அகராதியைக் கறையான் தின்ற நாள்முதல் நான்தான் நடுவர். ஏபிசீடிக்கு மேல் எனக்கு இங்கிலிஷ் தெரியாது. அதனால்தான் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

கனகலிங்கம் இவரோடு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வாய் சும்மா இராது. அவர் எழுதியது 'இன்டைஜெஸ்ஷன்'. "அக்கா, போன கிழமை உங்கடை நண்டுக்கறி திண்டாப்பிறகு எனக்கு வந்தது." விளங்கியது, ஆனாலும் பாதிப் புள்ளிதான் கொடுத்தேன். இவர் எழுதியது 'இன்டிஸ்பென்சபிள்'. "நீ இல்லாட்டி இந்த வீடு ஓடாது. அதுதான் அர்த்தம்." முழுப் புள்ளி. கனகலிங்கம் லஞ்சம், லஞ்சம் என்று கத்தினார்.

சிரித்தாலும் இவர் ஒரு மாதமாய்ச் சரியில்லை. சோற்றை அளைந்துகொண்டிருக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லையாம்.

10.8.63
இன்று 'எஸ்'. இவர் 'சுப்பரனுவேஷன்' என்று எழுதினார். விரல்விட்டு எண்ணினேன், பதினாலு.

"என்ன அர்த்தம்?"

கொஞ்சம் யோசித்து, "மழையில்லாமல் குளம் வத்திப் போறது" என்றார்.

கனகலிங்கம் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் சண்டை பிடிக்கிற ஆள். இன்று தேத்தண்ணியைப் பார்த்தபடி இருந்தார். தோற்கிற கவலை என்று நினைத்தேன்.

11.8.63
பூசை முடிந்து வரும்போது இரஞ்சிதம் ரீச்சரைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவா. எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்ட ஆசை வந்துவிட்டது. "கோயிலடிக் குளமும் சுப்பரனுவேஷன் ஆகுது, ரீச்சர்" என்றேன்.

அவா சிரித்தா. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டா. "அது உத்தியோகத்திலையிருந்து இளைப்பாறுறது, பிள்ளை. குளமெண்டு ஆர் சொன்னது?" "இவர்தான்" என்றேன். "அப்ப உம்மடை லோறன்சும் கவுண்மேந்து கேக்கிற சிங்களச் சோதினை எழுதாமல் விலகப் போறாரோ? உமக்குத் தெரியாதே?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்றேன்.

12.8.63
கறிக்கு உப்புப் போட மறந்துபோனேன். அப்படியே சாப்பிட்டு முடித்தார்.

14.8.63
கனகலிங்கத்துக்குத் தெரியும். அதுதான் அண்டைக்குச் சண்டை பிடிக்கயில்லை. அந்தாளுக்குச் சொல்ல இவருக்கு வாய் வந்தது, எனக்குச் சொல்ல வரயில்லை. என்னை என்னெண்டு நினைச்சவர்? வீட்டிலை கிடக்கிற சட்டி பானை எண்டோ? எனக்குத் தெரியாத பாஷையிலை, என்ரை முகத்துக்கு முன்னாலை — நான் புள்ளியும் போட்டனே!

ஆனால் 'எஸ்'ஸில் எத்தனையோ சொல் இருக்கும். ஏன் அதை எழுதினார்? சொல்லத்தான் பார்த்தாரோ? அப்படியென்றாலும் என் கோபம் ஆறவில்லை.

17.8.63, சனி
பேணியை எடுக்கவில்லை. "போன கிழமையான் சொல்லுக்கு அர்த்தம் விளங்கயில்லை. திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். கனகலிங்கம் எழும்பினார். "இருங்கோ தம்பி, உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றேன். இருந்தார்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாப்பது வயதிலை சிங்கள அரிவரி படிச்சுச் சோதினை எழுத என்னாலை ஏலாது, மலர். விலகிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். ஒக்ரோபரோடை வேலை முடியுது."

"எப்ப குடுத்தனீங்கள்?"

"போன மாசம்."

விளங்கியது என்று சொன்னேன். உலையை இறக்கி வைத்துவிட்டு அப்புவிடம், பிறந்த வீட்டுக்கு நடந்தேன்.

20.8.63
திரும்பி வந்துவிட்டேன். அப்புவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவர் குசினியில் புகைக்குள் நின்று அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். விலக்கிவிட்டு நான் உலை வைத்தேன்.

28.9.63
கனகலிங்கம் இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. படலையோடு நின்று இரண்டு கதை கதைத்துவிட்டுப் போகிறார்.

4.11.63, திங்கள்
விடியவே மழை. இவர் வழக்கம்போல் குளித்து, கந்தோருக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். எங்கே போக? மத்தியானம்வரை அப்படியே இருந்தார்.

"இன்னும் கோவமோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

தலையை ஆட்டினார். நான் கேளாமலே, "எனக்குப் பயமாக் கிடக்கு, மலர்" என்றார்.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இவர் வாயிலிருந்து இப்படிக் கேட்டதில்லை. எனக்கும் பயம்தான். அதை நானும் சொன்னேன்.

பிறகு, "சட்டையைக் கழட்டித் தாங்கோ, கசங்குது" என்றேன். கழற்றித் தந்தார்.