ஆற்றுப் பக்கம் கட்டிய பாசி

புன்னைக்காயல்
9.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். அங்கே மழை பிடித்துவிட்டதாமே, தலையில் ஒரு துண்டாவது போட்டுக்கொண்டு அணைக்குப் போகிறீர்களா? போனை எடுத்தாலே சண்டை வருகிறது, தை வரை கடிதம் மட்டும்தான் என்று சட்டம் போட்டவள் நான்தான். ஐந்து மாதமாக நன்றாகவே ஓடுகிறது. கடிதத்தில் உங்களால் கத்த முடியவில்லை.

"பாசி வளக்கதுக்கா கல்லிடைக்குறிச்சியில இருந்து கடலுக்குப் போற?" என்று கேட்டீர்களே, வந்து பாருங்கள். நாற்பது மூங்கில் மிதவைகள். கயிற்றில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் நாற்பத்தைந்தே நாளில் கொத்துக் கொத்தாக அறுக்கலாம். நிலம் வேண்டாம், உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். மிதவைக்கு அடியில் மீன்குஞ்சுகள் வந்து ஒதுங்குகின்றன. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கப் பாசி வாங்கும் கம்பெனி, தை அறுவடை முழுவதையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு பெண்கள் என்னை நம்பிக் கடலில் இறங்கியிருக்கிறார்கள்.

ஒரே கவலை, வாடைக்காற்று. அலை மிதவைகளை உடைக்கிறது என்று எல்லாவற்றையும் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டேன். எங்கள் குழுவில் எப்சி மட்டும், "ஆத்துத் தண்ணி ஏறுனா பாசி வெளுத்துச் செத்துரும்க்கா" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "எங்க அத்தான் அணையிலதான் வேல பாக்காவ. தொறந்தா சொல்லாமலா இருப்பாவ? ஒரு பகல் கெடச்சாப் போதும், இழுத்துரலாம்" என்றேன். சிரித்துவிட்டாள். நான் சொன்னது சரிதானே?

உங்கள் வேணி


பாபநாசம்
14.11.2025

அன்புள்ள வேணிக்கு,

சரிதான். நீர்மட்டம் குறிப்பவனே நான். எனக்குத் தெரியாமல் ஒரு மதகும் திறக்காது. எப்சியிடம் நான் சொன்னதாகவே சொல்.

நீ அனுப்பிய பாசிச் சாற்றைச் சொரிமுத்து நம் வயலில் அடித்தான். "அண்ணாச்சி, பயிரு கருகருன்னு நிக்கி. மதினிகிட்ட இன்னும் ரெண்டு கேன் கேளுங்க" என்கிறான். பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

தை பிறந்ததும் லீவு போட்டு வருகிறேன். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

கோமதிசங்கர்


பாபநாசம்
24.11.2025

அன்புள்ள வேணிக்கு,

மலையில் மூன்று நாளாக விடாத மழை. நாளை விடியற்காலை மதகுகளைத் திறக்கிறார்கள். வழியில் ஓடைகளும் சேரும். புதன்கிழமை உன் பக்கம் வந்துவிடும். இது கிடைத்த உடனே மிதவைகளை இழுத்துவிடு.

உன் எண்ணை இரண்டு தரம் எடுத்தேன். "உங்க குரலக் கேட்டாலே கை நடுங்குது" என்று நீ கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. சட்டத்தை நான் உடைத்ததாக இருக்க வேண்டாம். விரைவு அஞ்சலில் போடுகிறேன், நாளைக்கே கிடைக்கும் என்கிறார்கள்.

கோமதிசங்கர்


புன்னைக்காயல்
29.11.2025

கோமதிசங்கர் அவர்களுக்கு,

உங்கள் விரைவு அஞ்சல் இன்றுதான் வந்தது. ரோட்டில் தண்ணீர் நின்றதால் தபால் வழியிலேயே கிடந்திருக்கிறது. ஆறு புதன்கிழமையே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் வெள்ள எச்சரிக்கை சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்கள் எல்லாரும் மிதவையை இழுக்கக் கிளம்பி வந்தார்கள். நான்தான் தடுத்தேன். "கடல் வரைக்கும் வாற தண்ணியா இருந்தா அத்தான் சொல்லியிருப்பாவ. இந்தக் கொந்தளிப்புல இழுத்தா மிதவதான் ஒடையும்" என்றேன். எனக்காகத் திரும்பிப் போனார்கள்.

நாற்பது மிதவையிலும் பாசி வெளுத்து, தொட்டால் கையோடு வருகிறது. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்சி மட்டும், "அண்ணாச்சி சொல்லலியாக்கா?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் சொல்லாமலே ஒரு கூடை விதையைத் தெற்கே பாறை மறைவில் கட்டி வைத்திருந்தாளாம். அதிலிருந்து மறுபடி தொடங்குகிறோம். நீங்கள் தையில் லீவு போட வேண்டாம்.

நானும் போன் செய்து கேட்டிருக்கலாம். சொல்வீர்கள் என்றே இருந்துவிட்டேன். நீங்கள் கூப்பிட்டிருந்தால் கை நடுங்கியிருக்கும். சட்டத்தை உடைத்துவிட்டீர்கள் என்று கத்தியிருப்பேன். கத்திக்கொண்டே மிதவைகளை இழுத்திருப்பேன்.

வேணி