கழலாத காப்பு

மொந்தேசெர்ரோ,
17 மே 1936.

அன்புள்ள தொனாத்தோவுக்கு எர்சிலியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் குழந்தை நீனாவும் நலம். அந்த ஆப்பிரிக்க வெயிலும் தண்ணீரும் உங்கள் உடம்பைப் படுத்தாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று திகைக்காதீர்கள், நானேதான் எழுதுகிறேன். எப்போதும் நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட டீச்சர்தான் எழுதுவார். இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தபாலில் போட்டால் ராணுவத்தார் பிரித்துப் படிப்பார்களாம். அதனால் ரோடு வேலைக்காக அங்கே கப்பலேறும் உங்கள் சித்தப்பா மகன் பஸ்குவாலேயிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோதுமை கதிர் விட்டிருக்கிறது. குத்தகைக்கு எடுத்த மேட்டு நிலத்தைக் கோவேறு கழுதையைக் கட்டி நானே உழுதேன். பெண்பிள்ளை ஏர் பிடிக்கிறாளே என்று சிரித்தவர்கள் வீட்டிலும் இப்போது பெண்கள்தான் பிடிக்கிறார்கள். ஆப்பிரிக்கப் போரில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று சதுக்கத்து ரேடியோவில் சொன்ன அன்று கோயில் மணியை விடாமல் அடித்தார்கள். நானும் போய் நின்றேன். கை தட்டத்தான் வரவில்லை.

டிசம்பரில் போர்ச்செலவுக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் கல்யாண மோதிரத்தைக் கொடுத்ததை டீச்சர் உங்களுக்கு அலங்காரமாக எழுதியிருப்பார். எனக்குக் கொடுக்க மனமே இல்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், போனேன். வேலை செய்து தடித்த விரல், மோதிரம் கழலவில்லை. மேசையில் உட்கார்ந்திருந்தவர் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் கையைப் பிடித்துத் திருகி இழுத்தார். தோலும் உரிந்து வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பதிலுக்குத் தந்த இரும்பு மோதிரம் துணி துவைத்தே துருவேறி விரலைக் கறுப்பாக்குகிறது.

நீங்கள் அனுப்பிய வெள்ளிக் காப்பு ஈஸ்டருக்கு முன் வந்தது. கூட வந்த கடிதத்தை டீச்சர் ஊற்றடியில் வைத்தே சத்தமாகப் படித்தார். “இது நீனாவுக்கு. இங்கே இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கும்” என்று எழுதியிருந்தீர்கள். குடத்தோடு நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு விஞ்சென்சா, “ஒன் வீட்டுக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன்டி. எம் புருஷனும்தான் போயிருக்கான், அனுப்புனா பேனைத்தான் அனுப்புவான்” என்றாள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்று வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

காப்பு நீனாவுக்கே சிறிதாக இருந்தது. எண்ணெய் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து எப்படியோ ஏற்றிவிட்டேன். ஈஸ்டர் பூசையில் ஊரே பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் போட்டேன், சோப்பும் போட்டேன். கழலவில்லை. நான் இழுக்க இழுக்க அவள், “அம்மா விடும்மா, கை வலிக்குதும்மா” என்று கதறினாள். மோதிரம் கழற்றிய அந்த ஆளைப் போலவே நானும் திருகிக்கொண்டிருந்தேன். சட்டென்று கையை விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கொல்லன் சவேரியோவிடம் போனோம். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, அவர் காப்புக்கும் கைக்கும் நடுவே தோல்துண்டைச் செருகி மெல்ல அறுத்து எடுத்தார். நீனாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிறகு காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பழைய வெட்டும் இல்ல, ஒட்டும் இல்லயே. முழுசா வந்திருக்கு. நம்ம நீனாவை விடச் சின்னப் புள்ள போட்டிருந்தது போல. அது கையிலேர்ந்து எப்படிக் கழட்டுனாங்களாம்?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் துருத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டார். கூலியும் வாங்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் காப்பை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை மெலிந்தவளாக இருந்திருக்கலாம், காப்பு தானாக வழுக்கியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். யாரோ கழற்றியதை நீங்கள் வாங்கியிருக்கலாம். நம் வீட்டில் முயல் அறுக்கும்போதெல்லாம் வெளியே போய் நின்றுவிடுகிற மனுஷன் நீங்கள். கத்தி பிடிப்பது எப்போதும் நான்தான்.

அங்கே நிலம் தருகிறார்கள், நீனாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இரண்டு நல்ல மாடும் வாங்கலாம் என்றீர்கள். நமக்கென்று ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று உங்களை விட அதிகம் ஆசைப்பட்டவள் நான். ஆனால் அந்தக் காப்புக்காரப் பிள்ளையின் அப்பாவும் அங்கேதானே உழுதிருப்பார். அவர் நிலமும் காசில்லாமல் கிடைத்ததுதானா? இது தெரியாமல் நான் கப்பலேற மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

அறுத்த காப்பைத் துணியில் சுற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் கொடுத்துவிடுங்கள். தெரியாதென்றாலும், கொடுக்க ஆளே இல்லையென்றாலும், அதைக் காகிதத்தில் எழுதாதீர்கள். ஊருக்கு வந்து, நீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்லுங்கள்.

இராத்திரி ஜெபத்தில் நீனா உங்கள் பெயரைச் சொல்லி முடித்ததும் நான் மனதுக்குள் அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறேன். பெயர் தெரியவில்லை. மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அவளையும் காப்பாற்றியிருக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
எர்சிலியா