செம்பு உப்பின் வட்டம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. பெருமாட்டியில் உள்ள உங்கள் தென்னந்தோப்பை என் தங்கச்சிதான் பார்த்துக்கொள்கிறாள். வாய்க்கால் கரையில் ஆவாரை வழக்கம்போலப் பூத்துக் கிடக்கிறது. பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

ஒரே ஆய்வகத்தில் நாமிருவரும் அந்தப் பூவிலிருந்து பிரித்த பொருளைச் செம்போடு சேர்த்து ஓர் அணைவுச் சேர்மம் செய்தோம். புண்ணில் சீழ்வைக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, நடுவில் அதை வைத்தோம். மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். பூப்பொருளை மட்டும் வைத்த தட்டில் வட்டமே இல்லை. நான் துள்ளினேன். நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள்.

"ஏனுங் மச்சான், வெறும் செம்பு உப்ப ஒருக்கா வெச்சுப் பாத்துரலாமுங்களா? வேலை செம்போடதா இருந்து, பேரு பூவுக்குப் போயிட்டா?"

"பயமா இருந்தா ஊட்டுக்குப் போயித் தென்னைக்குத் தண்ணி உடுங்க மாப்ள."

"உட்டுட்டு வந்தர்றனுங்க. அதுக்குள்ள நீங்க உப்ப வெச்சுருங்க."

நான் வைக்கவில்லை. கட்டுரையிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னீர்கள், எடுத்தேன். கட்டுரை என் பெயரில் வந்தது, கல்லூரி வேலையும் வந்தது. அங்கே பதவி உயர்வு தராமல் என்னை மேலே போக விடாத பெரியவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவிருக்கிறது. அவர்களை ஒன்றும் சொல்ல முடியாமல், ஒரு காதுகுத்துப் பந்தியில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பொறாமைக்காரர் என்றேன். நீங்கள் இலையைவிட்டு நிமிரவில்லை. தங்கச்சி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

போன மாதம் அவளே வந்து உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டை மேசையில் வைத்தாள். "எரிச்சுப்போடச் சொன்னாருங்ண்ணா. எனக்கு மனசு வல்ல."

பென்சிலால் வரைந்த இரண்டு வட்டங்கள். ஒன்று நம் சேர்மம். மற்றது, அதே அளவு செம்புள்ள வெறும் உப்பு. இரண்டும் ஒரே அகலம். தேதி, கட்டுரை அச்சாவதற்கு முந்தியது.

தெரிந்தும் ஏன் காட்டவில்லை? தங்கச்சிக்காகவா, எனக்காகவா? பந்தியில் பேசியபோதாவது அந்தப் பக்கத்தை என் முகத்தில் எறிந்திருக்கலாமே. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சென்ற வாரம் தனியாக உட்கார்ந்து உப்பை வைத்துப் பார்த்தேன். அதே வட்டம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதிவிட்டேன்.

உங்கள் வருஷத் திதிக்கு அதே சொந்தபந்தம் வரும். பந்திக்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் காட்டி நடந்ததைச் சொல்வேன். பிறகு தங்கச்சி எனக்கும் ஓர் இலை போட்டால் உட்காருவேன்.

உப்பை வைத்துப் பார்த்துவிட்ட,
உங்கள் மச்சான்