டிஷ்யூத் தாளில் உன் அம்மாவின் பூ

போர்காரி
ஞாயிறு மதியம்

அன்பு மகள் நொவெல்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பூனை மூவரும் நலம், மூவரில் பூனை மட்டும் சற்றுக் கூடுதலாக. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் சித்தி போனில் சொல்லிவிடுவாள். போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில், வேறு ஆலைக்காரன் டிஷ்யூ எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒரு கழிப்பறைச் சுருளைப் பிரித்து, விளக்குக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாதிரியார் தோன் எத்தோரே நிற்கிறார். "என்ன ஒரெஸ்தே, வயிறு சரியில்லையா? வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்காதா?" என்று கேட்டாரே பார்க்கலாம், வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரித்த பாவத்துக்கு அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் பூவுமில்லை, ஒரு மண்ணுமில்லை, வெறும் புள்ளி.

ஏன் பார்த்தேன் என்றால், எங்கள் ஆலையிலும் இனி அப்படித்தானாம். புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் ருஜெரோ நல்ல பிள்ளைதான், படித்தவர், எங்களுக்கெல்லாம் காலையில் வணக்கம் சொல்கிறவர். எந்திரத்தில் கூழைத் தாங்கி ஓடுகிற, கமேலியாப் பூ வைத்த வலைப் பட்டையைக் கழற்றிவிட்டுப் புள்ளிப் பட்டையை மாட்டினால் எந்திரம் இன்னும் வேகமாக ஓடும் என்கிறார், அதுவும் உண்மைதான். மாப்பிள்ளை ஒருமுறை அந்தப் பூவை அச்சடிக்கிறீர்களா என்று கேட்டாரே, அவருக்குச் சொல், அச்சுமில்லை, மையுமில்லை. தாள் ஈரமாக இருக்கும்போதே பட்டையில் மேடாக நிற்கும் கோடுகளின்மேல் கூழ் மெல்லிசாகப் படியும், காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் பூவாகத் தெரியும். தாளோடு பிறந்த பூ அது. பழைய முதலாளி தொழிலாளிகள் வீட்டிலிருந்து ஏதாவது கோலம் கொண்டுவரச் சொன்னபோது அம்மா தான் ஊசியால் பின்னிய குரோஷா விரிப்பை மேசையிலிருந்து உருவி என் கையில் கொடுத்ததும், அதிலிருந்த கமேலியாவே பட்டையில் ஏறியதும், பிறகு கோயில் வாசலில் பெண்கள் "இவானா, இன்னைக்கு உன் பூ ரொம்ப மெத்துனு இருந்துச்சுடி" என்று கிண்டல் செய்ததும், அவள் "உங்க வீட்டுல அழகா அது ஒண்ணாவது இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்ததும் உனக்குத் தெரியாததா.

வியாழக்கிழமை புள்ளிப் பட்டையை மாட்டினோம். எங்கள் வழக்கப்படி முதல் தாளைக் கிழித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்து, எந்திரத்துத் தலையாள் "போகட்டும்" என்று சொன்னால்தான் அந்தச் சுருள் ஆலையை விட்டுக் கிளம்பும். தலையாள் உன் அப்பன். பிடித்தேன், பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. "என்ன குறை, சொல்லுங்க ஒரெஸ்தே" என்றார் இன்ஜினியர். பிடிக்கல என்றேன். "இது உங்களுக்குப் பிடிக்கவா செய்றோம்?" என்றார், நியாயமான கேள்விதான், ஆனாலும் கோவேறு கழுதை மாதிரி நின்றேன். அடுத்த மூத்தவன் ஜினோவைக் கூப்பிட்டு நீ சொல் என்றார். அவன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே "கண்ணாடிய வீட்டுல மறந்துட்டேன் சார்" என்றான். அவனுக்கு அடுத்தவன் தனக்கு ஜன்னல் வெளிச்சம் ஆகாது என்றான், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஜன்னலடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான், திருட்டுப்பயல். கடைசியில் சுருளை மூலையில் நிறுத்திவிட்டுக் கமேலியாப் பட்டையையே திரும்ப மாட்டினோம். நாளைக்கு முதலாளியையே கூட்டி வருவாராம், அப்போதும் நான் சொல்லாவிட்டால் என்னைப் பேக்கிங் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அனுப்பட்டும், அட்டைப்பெட்டி மடித்தால் என் கிரீடம் ஒன்றும் விழுந்துவிடாது. துடைத்து எறிகிற தாளுக்குப் பூ எதற்கு என்கிறார்கள், துடைக்கிறவன் மனிதன்தானே, மாடு இல்லையே.

அம்மாவின் விரல் கணுக்கள் இந்தக் குளிரில் முழுக்க மடங்காமல் போய்விட்டன. குரோஷா ஊசியை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டாள், கேட்டால் கண் தெரியவில்லை என்று சாதிக்கிறாள், நீயும் நம்பினது போலவே இரு. கஷ்கொட்டை மாவு அனுப்பியிருக்கிறேன், ஈரத்தில் வைத்துப் பூசணம் பிடிக்க விட்டுவிடாதே. மாப்பிள்ளையைச் சண்டையில் முழுதாகத் தோற்கவிடாதே, கொஞ்சம் மிச்சம் வை. மாதா உங்கள் கதவருகிலேயே நிற்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிறு போனில் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, ஏனென்றால் புள்ளித் தாள் கிழிந்து கிழிந்து போனது, அதனால்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் ஒரு குறையும் இல்லை நொவெல்லா. இன்ஜினியரிடமும் சொல்லவில்லை, ஜினோவிடமும் சொல்லவில்லை, இவளிடம் எப்படிச் சொல்வேன், அவள் பூவைப் போட இனி எங்கள் பட்டையை விட்டால் உலகத்தில் வேறு கை இல்லை என்று.

உன் அப்பன்,
ஒரெஸ்தே