குளித்த பின் எடுத்தது

நவ. 12, புதன்

தூறல் விடவில்லை. துணி காயவில்லை. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. காய்ச்சல் இல்லை, ஆனாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

வாங்க: மூக்குச் சொட்டு மருந்து, கையுறை, ரப்பர் ஷீட்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சாம்பிள் தர, கல்லூரித் தோழி க. ஒருவழியாகச் சம்மதம். அவள் கணவரும். மற்றவர்களிடம் ஆய்வை விளக்குவதற்குள் நாக்கு உலர்ந்துவிடுகிறது. கணவன் மனைவி சேரும்போது அவள் உடம்பின் பாக்டீரியா அவனிடமும், அவனுடையது அவளிடமும் ஒட்டும். ஆணுறை போட்டாலும் கொஞ்சம் ஒட்டும். வன்கொடுமை வழக்கில் விந்து கிடைக்காதபோது இது சாட்சியாகுமா? இவ்வளவுதான் கேள்வி.

மாமியார்: "படிக்க வேற எதுவுமே கெடைக்கலையாத்தா? பிள்ளைக்கு ஒட்டிப்புடாம பாத்துக்க."

முழங்கை வரை சோப்பு போட்டுவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கினேன்.

நவ. 14, வெள்ளி

மழை இல்லை. ஆட்டோவில் செக்காலை, க. வீடு. பஞ்சுக் குச்சியில் துடைத்தெடுத்த சாம்பிள் தயார். ஆனால் குளித்துவிட்டு எடுத்திருக்கிறாள்! 'குளிக்கும் முன்' என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"அதுக்கப்புறம் குளிக்காம எப்படிடி அடுப்படிக்குள்ள போறது? வெள்ளிக்கெழம வேற. எங்க மாமியா வாசப்படியிலயே நிப்பாக."

"குச்சிய எடுத்து வச்சிட்டுக் குளிச்சிருக்கலாம்ல?"

"நெனப்பே வரல. கை பாட்டுக்கு மோட்டாரப் போட்டுருச்சு. நல்லதோ கெட்டதோ, நமக்கு மொத வேல குளிக்கிறதுதானடி."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் வழிகாட்டி மேடம்: "அது செல்லாது. தூக்கிப் போட்டுடு."

போடவில்லை. 'கு.பி.' என்று எழுதி ஆய்வகத்தில் உறையவைத்தேன். குளித்த பின்.

நவ. 15, சனி

நல்ல வெயில். பாப்பா மூக்கு தேவலை. நான்தான் தூங்கவில்லை.

எனக்கே அப்படி ஒரு வன்கொடுமை நடந்தால்? மைக்ரோபயாலஜி படித்தவள், நானும் முதலில் தண்ணீரைத்தான் திறப்பேன். உடம்பு கூசுமே. சாட்சியைக் கழுவிவிட்டாள் என்று, குளித்ததற்கும் பாதிக்கப்பட்டவளையே திட்டுவார்கள். குளித்த பிறகும் எவ்வளவு மிஞ்சும் என்று யாராவது பார்த்தார்களா? என் கண்ணில் படவில்லை.

மேடத்திடம் சொன்னேன். குளித்த பின்னும் எடுக்க வேண்டும், எல்லா ஜோடியிடமும், மறுபடி முதலிலிருந்து.

"நெறிமுறைக் குழு அனுமதி புதுசா வாங்கணும். பட்டம் தள்ளிப் போகும். கைக்குழந்தைய வச்சுக்கிட்டு முடியுமா?"

முடியும் என்றேன்.

வீட்டுக்காரர்: "இருக்கிறத வச்சு முடிச்சிரலாம்ல? ஏன் இழுத்து விடுற?"

"முடிச்சா எனக்குப் பட்டம் கெடைக்கும். வேற யாருக்கு என்ன கெடைக்கும்?"

பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, பாப்பாவ சாயங்காலம் நான் பாத்துக்கிறேன்."

திங்கள் குழு. குளித்தவர்களிடம் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும். குளிக்காமல் இங்கே எவள் புகார் கொடுக்க வருவாள்?