வலது பக்கத்து ஆணி

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். எடுத்த எடுப்பில் நலம்கூட விசாரிக்காமல் பொத்தானைப் பற்றி எழுதுகிறாளே என்று நினைக்காதே. உன் இடுப்பு வலி குறைந்திருக்கும், வேலைக்குப் போன வீட்டில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியம்மா உன்னைத் திட்டுவதையும் கொஞ்சம் குறைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கேட்கலாம்தான். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாவிட்டாலும் எனக்குக் குரல் எழும்பாது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது அடைத்துக்கொண்ட தொண்டை, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் அப்படியே இருக்கிறது. பேனாவைப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் திறக்கிறது.

பொத்தானுக்கு வருகிறேன். ஓடிக்கொண்டே, இருட்டில், ஒரு காலை பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டே சட்டையைப் போட்டு முடிக்கிறவர் அப்பா. மணி அடித்தால் தீயணைப்பு வண்டியில் முதலில் ஏற வேண்டியவர் ஓட்டுநர்தானே. அப்படிப்பட்டவர் பட்டப்பகலில், வீட்டுக்குள் நின்றுகொண்டு, நிதானமாகப் போட்ட சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. தையல் கடையில் நாள் முழுக்க காஜா எடுத்துப் பொத்தான் வைக்கிறவள் நான். என் கண்ணில் வேறு எது பட்டாலும் படாவிட்டாலும் அது பட்டுவிடும். ஆண்கள் சட்டையில் பொத்தான் நுழையும் காஜா இடது பக்கம் வரும். அப்பா பொத்தானைச் சரியாகப் பிடித்திருந்தார். காஜாவைத்தான் விட்டிருந்தார்.

நான் கிட்டப் போய்ச் சரி செய்தேன். வாய் திறக்காத எனக்குச் சைரன் என்று பேர் வைத்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்னடி சைரன், பாதிப் பிள்ளைதான் தெரியுது. மீதிப் பாதி ஸ்கூலுக்குப் போயிருக்கா?" என்றார். வழக்கமான கேலி என்று நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போன அவர் கை, செம்பைத் தாண்டி வெறும் மேசையைத் தடவியது. அப்போது அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

உன்னிடம் அவர் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே புது அதிகாரி வந்திருக்கிறார். ஓட்டுநர்களும் மற்றவர்களைப் போல உடல் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். எழுதுவது என்றா சொன்னேன்? ஓடுவது. மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, நிற்காமல், தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் உச்சிவரை படியேற வேண்டும். தவறினால் வண்டியிலிருந்து இறக்கி போன் அறையில் உட்கார வைத்துவிடுவார்களாம். "வாழ்க்கை முழுக்க ஓட்டிட்டு, கடைசியில ஹலோ ஹலோன்னு கத்தறதுக்கா?" என்கிறார் அப்பா. தினமும் காலையில் பயிற்சி. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் மூச்சு வாங்க வெட்கம். அதனால் நேரம் பார்க்க என்னைக் கூட்டிப் போகிறார். யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டாள் என்ற தைரியம்.

ஓடி முடித்துக் கொஞ்ச நேரத்தில் வருகிறது. வெல்டிங் வைப்பதைப் பார்த்துவிட்டால் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் நிற்குமே, அது மாதிரி ஆரம்பிக்குமாம். ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி மினுங்கிக்கொண்டே பெரிதாகி, இடது பக்கத்தை விழுங்கிவிடுமாம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்வை திரும்பிவிடும். அது திரும்பியதும் தலைவலி. ஈரத் துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறார். நான் வீட்டில் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். கரண்டி விழுந்தால்கூட அவர் தோள் துடிக்கிறது. ஒருநாள் வாந்தியும் எடுத்தார்.

டாக்டரிடம் போகலாம் என்று எப்படியோ வாயைத் திறந்து சொன்னேன். "வெயில்ல ஓடினா வர்றதுதான். ஓடினாத்தானே வருது, வண்டி ஓட்டும்போது வரலையே" என்றார். பிறகு என் கையை எடுத்து, யாரிடமும் சொல்லக் கூடாது, அம்மா தலை மேல் சத்தியம் பண்ணு என்றார். பண்ணினேன்.

ரொம்ப நேரம் யோசித்தேன் அம்மா. சத்தியம் செய்தது உன் தலை மேல். தலைக்குச் சொந்தக்காரிக்குச் சொல்லாமல் எப்படி இருக்க முடியும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அது தப்பு என்றால் உன் தலைக்கு ஒன்றும் ஆகாமல் என் தலைக்கே ஆகட்டும்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெரியம்மாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது யாரையாவது துணைக்குக் கூப்பிடு.

உன் செல்ல மகள்,
சைரன்

*

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ அழுதிருக்க வேண்டாம். போனில் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாய். "ஏங்க, கண்ணு கிண்ணு நல்லா இருக்கா?" என்று கேட்டபோதே குரல் உடைந்துவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பினார். உன்னிடம், "எனக்கென்ன, காக்கா குருவிகூட எண்ணுவேன்" என்று சொல்லிவிட்டு, தகுதித் தேர்வு விஷயத்தையும் தானே பெருமையாகச் சொல்லி, போனை வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். இப்போது தனியாகத்தான் ஓடுகிறார். ஓடிவிட்டு எங்கே உட்காருகிறார், எதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருகிறார் என்று எனக்குத் தெரிவதில்லை. வந்தவுடன் கதவுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார். அந்தச் சுவரில் இருக்கும் இரண்டு ஆணியில் வலது ஆணியில் உன் பை நீ விட்டுப்போன மாதிரியே தொங்குகிறது. இடது ஆணியில் அவருடைய சீருடைச் சட்டை. கையை நீட்டி அதைத் தேடுகிறார். நான் எடுத்துக் கொடுத்தால் கோபம் வருகிறது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீயும் என்னதான் செய்வாய். ஒப்பந்தம் முடியாமல் அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

தேர்வுக்கு முன்னால் மருத்துவச் சோதனை நடந்தது. நீ பதில் கடிதத்தில் சொன்னபடியே நானும் கூடவே போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் பின்னாலேயே நடந்தேன். டாக்டர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, அடிவரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டார். அன்று காலையில் ஓடவில்லையே, எப்படித் தெரியாமல் போகும்? "உங்க கண்ணை எனக்குக் கொடுத்துடுங்க, என் கண்ணாடியை நீங்க வச்சுக்குங்க" என்று டாக்டர் சிரித்தார். பிறகு, தலைவலி, மயக்கம், பார்வை மங்குவது ஏதாவது உண்டா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல சார்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார் அம்மா. "என்னம்மா, அப்பா சொல்றது சரிதானா? வீட்ல தொந்தரவு எதுவும் சொல்றதில்லையே?" என்று நேராக என்னிடமே கேட்டார். இதற்காகத்தானே போனேன். வழி முழுக்க வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அப்பா என் தோளில் கையை வைத்து, "அவ பேச மாட்டா சார், சுபாவமே அப்படி" என்றார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அது கையிலேயே உருகி வழிந்தது. எனக்கு என்னை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

இனி எழுதப்போவதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உட்கார்ந்து படி.

போன வாரம் மெத்தைக் கிடங்கு ஒன்றில் தீ. ஆள் குறைவு என்பதால் அப்பாவும் இறங்கிக் குழாயை இழுத்திருக்கிறார். பெரிய தீ. அணைத்துவிட்டு வண்டியை அவர்தான் திருப்பி ஓட்டி வந்தார். நிலையத்து வாசலில் நுழையும்போது இடது பக்கத் தூணில் பக்கக் கண்ணாடி உரசி உடைந்துவிட்டது. அப்பா வாழ்க்கையில் முதல் உரசல். நிலையத்தில் இரண்டு நாளாக இதே பேச்சு. "என்னண்ணே, நம்ம வாசக் கேட்டு துவைச்சதுல சுருங்கிடுச்சா?" என்று கூட வேலை செய்கிற ஏணிக்காரர் கேட்க, "தூண்தான்டா நகர்ந்து வந்துச்சு, நான் ஆரன் அடிச்சேன், கேக்கல" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். இடது பக்கம் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஓட்டும்போதும் வருகிறது.

நேற்று தையல் கடைக்கு, நிலையத்தில் எல்லாரும் புதுமாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர் வந்தார். நீ பார்த்ததில்லை. நீ போன பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாதான் அவருக்குக் குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது, கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியதும் அப்பாதான். அவர் மனைவி சீருடைச் சட்டைப் பையின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு பூ தைத்து வைத்திருக்கிறாள். அதை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அந்தச் சட்டையைத்தான் சுருட்டி எடுத்து வந்தார். "பொத்தான் மட்டும் வச்சுக் குடு தங்கச்சி, வீட்ல பார்த்தா பயந்துடுவா" என்றார். கடைக்கார அக்கா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேட்டைத் திறந்துவிட்டுத் தூணோரம்தான் நின்றாராம். அப்பா பார்த்துவிட்டார் என்று நினைத்து நகரவில்லை. வண்டி வந்துகொண்டே இருந்திருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்து முதுகைத் தூணோடு ஒட்டிக்கொண்டாராம். "நூலிழைல தப்பிச்சேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதே. என்னைப் பார்க்கவே இல்ல அவரு. தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவாரு" என்றார். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் தலையாட்டிவிட்டேன்.

பேசாதவளிடம் எல்லாரும் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் அம்மா. சொல்லாதே என்று அப்பா சொல்கிறார். சொல்லாதே என்று புதுமாப்பிள்ளை சொல்கிறார். ஒருவருக்காக ஒருவர் மறைக்கிறார்கள், நடுவில் நான் நிற்கிறேன்.

அவர் போன பிறகு சட்டையை விரித்துப் பார்த்தேன். மூன்று பொத்தான் துணியோடு பிய்ந்து போயிருக்கிறது. நெஞ்சுக்குக் குறுக்கே, ஒரு விரல் அகலத்துக்கு, வண்டியின் சிவப்புப் பெயிண்ட் கோடாக ஒட்டியிருக்கிறது. நான் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்க்கவில்லை. தேய்த்தால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

தேர்வு அடுத்த வாரம். அப்பா தேறிவிடுவார். தேறினால் வண்டி அவருடையது. மணி அடித்தால் அவர் முதலில் ஏறுவார், மற்றவர்கள் அவரை நம்பிப் பின்னால் ஏறுவார்கள். தேறாவிட்டால் அந்தப் போன் அறை. அங்கே அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை. சும்மா வந்து போகிற தலைவலியாகவே இருக்கட்டும். ஆனால் அதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

அம்மா, அடுத்த முறை போன் செய்யும்போது கண் எப்படி, தலை எப்படி என்று கேட்காதே. கேட்டால் காக்கா குருவி என்று ஆரம்பித்துவிடுவார். அழவும் அழாதே. உங்கள் வண்டியில் யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேள். ஏணிக்காரரில் ஆரம்பித்து ஒவ்வொருவராக அவர் வாயாலேயே சொல்லட்டும். புதுமாப்பிள்ளையைச் சொல்லும்போது, அவன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேள். வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

நீ நன்றாகச் சாப்பிடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு ஒன்றும் இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும், அவரோடு ஏறுகிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும், நீ பத்திரமாக வந்து சேர வேண்டும்.

உன்,
சைரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனேன், மனம் வரவில்லை. அப்பா மைதானத்துக்குப் போய் வெகுநேரம் ஆகிறது, வரும் நேரம்தான். புதுமாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு வாக்குத்தான். அப்பாவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. அவர் சட்டையைத் தைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பொத்தான் மூன்றையும் எடுத்து ஊசியில் நூலும் கோத்துவிட்டு, தைக்காமல் டப்பாவில் போட்டு மூடினேன். வலது ஆணியிலிருந்து உன் பையை இறக்கிக் கட்டிலின் மேல் வைத்தேன். புதுமாப்பிள்ளையின் சட்டைப் பையை உட்புறத்துப் பூ வெளியே தெரியும்படி இழுத்துவிட்டு, சிவப்புக் கோடு கதவைப் பார்த்திருக்கும்படி அந்தச் சட்டையை, அப்பாவுக்குத் தெரிகிற வலது ஆணியில் மாட்டினேன்.